முந்தல் கதவுப் பெட்டி

மச்சான்,

இன்று காலையில் உன் சிவப்பு டிவிப் பெட்டியைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அது சூடாகச் சூடாக, பின்பக்கத்து ஓட்டைகள் வழியாக மீன் மணக்கத் தொடங்கியது. நல்ல மீன்கூட இல்லை. வெயிலில் கிடந்த சூடை மீன். குசினிக்குள் நின்ற என் மனைவி எட்டிப் பார்த்து, "பூனை ஏதும் கொண்டு வந்து போட்டிரிக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல, மச்சான் வந்திரிக்கான்" என்றேன்.

ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உன் பெட்டிகள் எல்லாமே அப்படித்தான். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருக்கிற மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டியை எங்காவது தெரிந்த வீட்டில் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் டிவியை வைத்துக் கட்டிக்கொண்டு வருவாய். அதே ஊறின சாக்கு, அதே ஊறின கயிறு. நான் என் பெட்டிகளைப் பழைய மெத்தையில் சுற்றி, த்ரீவீலில் மாப்பிள்ளை மாதிரிக் கூட்டி வந்தவன். என்றாலும் ஊர் உலகம் பார்க்கப் போனது உன் பெட்டிகளைத்தான்.

நீ மவுத்தாகி, உன்னை அடக்கி மூன்றாம் கிழமை உன் மருமகன் இந்தச் சிவப்புப் பெட்டியைக் கொண்டு வந்து என் வாசலில் இறக்கினான். "மாமா இத ஒங்களுக்கு எண்டு சொல்லிட்டுப் போனாரு" என்றான். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். பத்து வருஷம் நான் வாய்விட்டுக் கேட்டும் நீ தராத பெட்டி அது. கேட்கும்போதெல்லாம், "மச்சான், ஒனக்கு வேண்டியது பொட்டி இல்ல, எண்ணிக்கை" என்று சொல்லிச் சிரிப்பாய். உன்னிடம் இருபத்தாறு, என்னிடம் பதினெட்டு. போகிற போக்கில் ஒன்றைத் தூக்கிப் போட்டு, பத்தொன்பதாக்கிவிட்டு, நீ பெரிய மனிதனாகிப் போய்விட்டாய். திருப்பிக் கொடுக்க ஆளும் இல்லை.

உண்மையைச் சொன்னால், உன்னை முதன்முதல் பார்த்த நாளிலேயே எனக்குப் பிடிக்கவில்லை. தொண்ணூறில் இயக்கம் விரட்டிவிட, மன்னாரிலிருந்து படகில் வந்து கல்பிட்டிக் கரையில் இறங்கிய சனத்தில் நீயும் ஒருவன். ஒரு வருஷம் போகவில்லை, என் வாசலில் வந்து நின்று "மீன்" என்று கூவினாய். எங்கள் கடலில் பிடித்த மீனை எங்களுக்கே விற்க மன்னாரிலிருந்து ஒருவன் வர வேண்டுமா என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என் மனைவி உனக்குக் கதிரை போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள். "அந்த நானா செதில் எல்லாம் எடுத்துத்தான் தாறாரு" என்று ஒரு மாதம் உன் புகழ் பாடினாள். நான் அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்தவன். செதில் எடுத்துக் கொடுத்ததில்லை.

என் தொழில் உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனால் இந்தக் கரையில் எந்த வீட்டுக் கூரை எவ்வளவு உயரம் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். டிவி வந்த காலத்தில் அன்டெனாக் கம்பம் நட்டவன் நான்தானே. கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியா. கம்பம் உயரமாக நின்றால், காற்றில்லாத பின்னேரங்களில் அவர்களுடைய படம் இங்கே கண்ணாடி மாதிரி விழும். நான் கூரை மேல் நின்று "தெரியுதா?" என்று கத்துவேன். கீழே வீடு முழுக்க, "இல்ல, இன்னம் கொஞ்சம் திருப்புங்க!" என்று கத்தும். எந்த வீட்டில் எந்தப் பெட்டி என்று அப்படி அறிந்தவன் நான். நீ அறிந்தது குசினி வாசல் வழியாக. மீன் வெட்டுகிற இடத்தில் நின்றபடி கூடத்துக்குள் கண்ணை விடுவாய்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு எல்லா வீட்டுக்கும் தட்டை டிவி வந்தது. பழைய பெட்டிகளைக் கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் போட்டார்கள். முதலாவதாக ஒன்றைத் தூக்கி வந்து துடைத்து வைத்தவன் நான். அதை நீ எங்கேயும் சொல்லவில்லை, ஆகையால் நான் சொல்கிறேன். மீனோடு வந்த நீ அந்தப் பெட்டிக்கு முன்னால் அசையாமல் நின்றாய். விலைகூடச் சொல்லவில்லை. "எங்க எடுத்த?" என்று மட்டும் கேட்டாய். அடுத்த மாதம் உன்னிடம் மூன்று இருந்தது.

நீ எப்படி எடுக்கிறாய் என்று பார்க்க ஒரு நாள் ஆலங்குடாவுக்கு உன் பின்னால் வந்தேன். நான் போனால் வாசலிலேயே, "பழைய டிவி ஏதும் இரிக்கா?" என்று கேட்பேன். பழைய இரும்பு வாங்குகிறவன் என்று நினைத்து நாயை விடுவார்கள். நீ, "சொகமா ராத்தா? மகள் குவைத்தால வந்தாவா?" என்று தொடங்கினாய். அரை மணித்தியாலம் பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில், எழும்பும்போது, "இதுல கடைசியா என்ன பாத்தீங்க?" என்று கேட்டாய். அவ்வளவுதான். அந்த ராத்தா அழுதா. மகள் ஏழு வருஷம் வெளிநாட்டில் பிறர் பிள்ளை வளர்த்து அனுப்பின பெட்டி. அவள் வேலை செய்த வீட்டுக் கல்யாணக் கசெட் ஒன்றையும் அனுப்பியிருந்தாளாம், அதைத்தான் கடைசியாகப் பார்த்தார்களாம். பெட்டியைத் தூக்கி வைக்க அவவே கை கொடுத்தா.

அடுத்த நாளே நானும் அதே கேள்வியை ஒரு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். அந்த வயதானவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ கம்பம் நட்டுட்டுப் போன அண்டு பாத்ததுதான். அதுக்குப் பொறகு படம் விழவே இல்ல" என்றார். இதை நான் உனக்குச் சொன்னபோது மீன் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. முந்தல் சந்தி வரைக்கும் கதை போய்விட்டது.

ஆலங்குடாவில் காற்றாடி கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர் உன் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஒருத்தி உன் தோளில் கை போட்டுப் படம் எடுத்தாள். கொழும்பிலிருந்து கேமராவோடு வந்தார்கள். 'டிவி நானா' என்று உனக்குப் பெயர் வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் நின்று அது யாருடையது, கடைசியாக அதில் என்ன பார்த்தார்கள் என்று சொல்வாய். என் பதினெட்டையும் பார்க்க வந்தவர் ஒரே ஒருவர். அவரும் உன் வீட்டுக்கு வழி கேட்டு வந்தவர்.

இந்த எரிச்சலோடு இருந்த காலத்தில்தான் நீ முந்தல் பெட்டியைப் பற்றி வாய் தவறிச் சொன்னாய். மரப்பெட்டி, நான்கு கால். முன்னால் இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிற கதவு. கதவுப் பெட்டி என்றுதான் அதை எப்போதும் சொல்வாய். தென்னந்தோட்டத்து மேரியக்கா வீட்டில் மாதா சுரூபம் வைக்கிற மேசையாக அது இருக்கிறது என்றாய். அவவுடைய மகன் மாதாவுக்குப் புது மாடம் செய்கிறான், நத்தார்ப் பண்டிகைக்கு முதல் முடிந்துவிடும், முடிந்ததும் பெட்டியைத் தருவதாக வாக்குத் தந்திருக்கிறா என்றாய். சொல்லும்போது உன் குரல் இறங்கிப் போனது. மற்றப் பெட்டிகளைப் பற்றி நீ அப்படிக் கதைத்ததே இல்லை. ஏனென்று நான் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. 'இது வந்தால் இருபத்தேழு' என்று மட்டும் மனதுக்குள் எண்ணினேன்.

நீ ஒரு வருஷமாக மீன் கொடுத்துக் கதைத்துப் பெற்ற வாக்கை நான் ஒரு பின்னேரத்தில் போய்க் கெடுத்தேன். அதை இப்போது எழுதுகிறேன். கேள்.

மேரியக்கா வீட்டுக் கம்பமும் நான் நட்டதுதான். அவவுக்கு என்னை ஞாபகம் இருந்தது. "வாங்க அன்டெனாத் தம்பி" என்று கூப்பிட்டு இருத்தினா. நான் பெட்டியைச் சுற்றிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, முகத்தைத் தொங்கப் போட்டேன்.

"என்ன தம்பி?"

"இத வீட்டுக்குள்ள வச்சிரிக்கிறது சரியில்ல அக்கா. இதுக்குள்ள ஒரு கண்ணாடிக் குடம் இரிக்கி. அதுக்குள்ள காத்தே இல்ல. பழசானா வெடிக்கும்."

"ஐயோ மாதாவே! வெடிச்சா?"

"கூரை நிக்காது. நீங்க பயப்பட வேணாம். எனக்கு இதக் கழட்டுற முறை தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய வந்து நானே கொண்டுபோய் அழிச்சிர்றன். மீன்கார நானாகிட்ட மட்டும் குடுத்துராதீங்க. அவர் ஒண்டும் தெரியாத மனிசன், பாவம், மோட்டார் சைக்கிள்ல வச்சே வெடிச்சிரும்."

உன் மேல் எனக்கிருந்த அக்கறையைப் பார் மச்சான்.

வெள்ளிக்கிழமை மெத்தை, கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு த்ரீவீலில் போனேன். கூடத்தில் மாதா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தா. பெட்டி இல்லை.

"எப்பிடித் தம்பி வெள்ளிக்கிழமை மட்டும் பொறுக்கிறது?" என்றா மேரியக்கா. "பேரப்பிள்ளையள் ஓடித் திரியிற இடம். நீங்க சொல்லிட்டுப் போன கையோட மகன் நீளக் கயித்தக் கட்டி, கரைவலை இழுக்கிற மாதிரி தூர நிண்டு இழுத்துக்கொண்டு போய் இறால் குளத்துக்குள்ள தள்ளிட்டான். ஒங்களுக்கும் ஒரு கஷ்டம் இல்ல பாருங்க."

தோட்டத்துக்குப் பின்னால் கைவிட்டுப் போன இறால் குளம் ஒன்று இருந்தது. போய்ப் பார்த்தேன். கலங்கிய தண்ணீருக்கு மேலே நான்கு கால்களும் வானத்தைப் பார்த்து நின்றன. இழுத்த இழுப்பில் கழன்ற கதவு ஒன்று சேற்றில் ஒட்டிக் கிடந்தது. பிள்ளைகளைக் காப்பாற்றியதற்காக மேரியக்கா எனக்கு ஆறு செவ்விளநீர் தந்தா. திரும்பி வரும் வழி முழுக்க அவை த்ரீவீலுக்குள் உருண்டு உருண்டு என் காலில் இடித்தன.

நான்கைந்து நாள் கழித்து நீ வந்தாய். மீன் பெட்டியைத் திறக்கவில்லை. "முந்தல் பொட்டி போயிட்டு மச்சான்" என்றாய். அன்றைக்குத்தான் நான் கேளாத கதையை நீயாகச் சொன்னாய். உன் கல்யாணத்துக்கு உன் மாமனார், மதினியின் வாப்பா, வாங்கித் தந்தது அதே மாதிரிக் கதவுப் பெட்டியாம். நான்கு மாதந்தான் பார்த்தீர்களாம். வெளியேறச் சொன்ன நாளில் கதவை இழுத்துச் சாத்தி, மேலே படுக்கை விரிப்பைப் போட்டு மூடிவிட்டு, ஒரு கிழமையில் வந்துவிடலாம் என்று படகேறினீர்களாம். சண்டை முடிந்து போய்ப் பார்த்தபோது கூரையும் இல்லை, சுவரும் இல்லை, கூடம் இருந்த இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றதாம். "அவளுக்குச் சொல்லாமத்தான் தேடுறன். ஒரு நாள் கொண்டு வந்து வச்சி, கதவத் தொறந்து காட்டணும்" என்றாய்.

இருபத்தாறு வேறு பெட்டி சேர்த்தாலும் நீ தேடியது அந்த ஒன்றைத்தான் என்று அப்போது விளங்கியது. "கவலப்படாத, அல்லாஹ் வேற ஒண்டு தருவான்" என்றேன்.

நீ என்னை நன்றாகப் பார்த்தாய். "ஓம் மச்சான், அவன் தருவான். மத்தவன் விட்டான் எண்டா" என்றாய். பிறகு சிரித்தாய்.

அதற்குப் பிறகு எனக்கு மட்டும் நீ மீன் கொண்டு வரவில்லை. இறால்தான். "முந்தல் இறால். ஒனக்கெண்டே கொண்டு வந்த" என்று என் மனைவியின் சட்டிக்குள் கொட்டுவாய். இருவரும் எங்காவது போகும்போது இறால் குளங்கள் வந்தால் மோட்டார் சைக்கிளை மெதுவாக்குவாய். "இந்தக் குளத்து இறாலெல்லாம் நல்லாப் பாட்டுப் படிக்குமாம் மச்சான். செய்தியும் வாசிக்குமாம்" என்பாய். நான் பின்னால் இருந்து தொண்டை காயச் சிரிப்பேன். இவன் எப்போதும் இப்படி அலட்டுகிறவன்தானே என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். ஊரையே கிண்டல் பண்ணித் திரிந்த எனக்கு, என்னை ஒருவன் கிண்டல் பண்ணுவது தெரியவில்லை.

உன் ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலங்குடாவிலிருந்து முந்தல் வரைக்கும் நீ மீன் கொடுத்த வீடுகள் எல்லாம் வந்திருந்தன. மேரியக்கா வாசல் படலையடியில் நின்றா. அவவின் கண்ணில் படாமல் நான் தென்னைக்குப் பின்னால் ஒதுங்கினேன். சந்தூக்கைத் தூக்கியபோது என் தோளில் உன் பாரம் இருந்தது, என் கண் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தது. எனக்கு இதில் பாதியாவது வருமா? அல்லாஹ் மன்னிக்கட்டும், கபுறடி வரைக்கும் எண்ணினேன்.

உனக்குச் சொல்லாததை மதினிக்காவது சொல்லிவிட வேண்டும் என்று அன்றே நினைத்தேன். ஆனால் அவ இத்தா இருந்தா. நான்கு மாதமும் பத்து நாளும் பிற ஆண் அவ முன்னால் போக முடியாது. அந்த நான்கு மாதமும் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். இறங்கியது. ருசிக்கவில்லை.

இத்தா முடிந்த கிழமை போனேன். மகளும் பக்கத்தில் இருந்தாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மதினி, முந்தல்ல ஒரு கதவுப் பொட்டி இருந்திச்சி. அத மண்ணாக்கினது நான்தான்."

"தெரியும் நானா" என்றா.

"அவனுக்கு?"

"அவருக்குத் தெரியாமலா? மேரியக்கா அந்தக் கிழமையே சொல்லிட்டா. அன்டெனாத் தம்பி நல்ல மனிசன், எங்கட உசிரக் காப்பாத்தினாரு எண்டு." மதினி முக்காட்டால் வாயை மூடிக்கொண்டா. "அண்டு வந்து என்கிட்ட எல்லாத்தையும் சொன்னாரு. தேடினதயும் சொன்னாரு. சோறு தின்னல்ல. மத்த நாள் ஒங்களுக்கு இறால் கொண்டு போகத் தொடங்கினாரு."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல?"

"நானும் அதத்தான் கேட்டன். கேட்டா வெக்கத்துல அவன் இந்தப் பக்கம் வாறத நிப்பாட்டிருவான், பொட்டியும் போய் அவனும் போனா நான் யாரோட மல்லுக்கட்டுறது எண்டாரு. ஒவ்வொரு இறாலுக்கும் ஒங்கட மொகம் போன போக்க வந்து செஞ்சி காட்டுவாரு. நாங்க ரெண்டு பேரும் சிரிப்பம்."

மகளும் சிரித்தாள். அவளுக்கும் தெரியும்.

மச்சான், அங்கே நான் என்ன செய்வது? மன்னிப்புக் கேட்கப் போனவனுக்குப் பொறாமை வந்தது. என்னை வைத்து நீங்கள் இத்தனை வருஷம் சிரித்த சிரிப்பில் எனக்கு ஒரு துளி தரவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் முந்தல் சந்தியில் வைத்து உன் சாரனை உருவியிருப்பேன். நீ இறால் கொண்டு வந்தாய். பொறுமையிலும் நீதான் முந்திக்கொண்டாய்.

எழும்பும்போது கேட்டேன். "அந்தப் பொட்டி ஒங்களுக்கு வேணுமாத்தான் இருந்திச்சா மதினி?"

"படம் ஒண்டும் ஞாபகம் இல்ல நானா. கதவு தள்ளுற சத்தம்தான். கல்யாணம் முடிச்ச புதுசு, எனக்கு எல்லாரோடயும் வெக்கம், குசினிய விட்டு வரமாட்டன். அந்தச் சத்தம் கேட்டா அவர் வந்துட்டாரு எண்டு தெரியும்."

அதற்குப் பிறகு நான் தேடிய தேடலை நீ பார்த்திருக்க வேண்டும். கூரைகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி, முழங்கால் நோவோடு, பஸ்ஸிலும் த்ரீவீலிலும் போனேன். எட்டு மாதம். முன்னேஸ்வரத்தில் கோயிலடியில் அர்ச்சனைச் சாமான் விற்கிற ஒரு ஐயா வீட்டில் அது இருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் எப்போதோ கழற்றிவிட்டு, எலி வராமல் கற்பூரமும் ஊதுபத்தியும் வைக்கிற அலுமாரியாக்கி வைத்திருந்தார். நான் பொய் சொல்லவில்லை. யாருக்கு, என்னத்துக்கு, நான் செய்தது என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். ஐயா என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டிவிட்டுக் கற்பூரத்தை வெளியே எடுத்து வைத்தார்.

மெத்தையில் சுற்றி உன் வீட்டுக்குத்தான் கொண்டு போனேன். என் வீட்டு வாசலைத் தாண்டும்போது, 'இங்கே இறக்கினால் இருபது' என்று மனம் சொன்னது. தாண்டிவிட்டேன். மதினி சுற்றி வந்து பார்த்து, "எங்கடதுல கால் இதவிடக் கொஞ்சம் கட்ட" என்றா. பிறகு கதவைத் தள்ளித் திறந்தா. சாத்தினா. மறுபடியும் திறந்தா. நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

யாருக்கும் சொல்ல வேண்டாம், அவன் தேடின பெட்டி என்றே இருக்கட்டும் என்று மதினியிடம் நானே சொன்னேன். ஏன் சொன்னேனோ.

போன கிழமை கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார், பெரிய கேமராவோடு. நானும் அங்கே இருந்தேன். இருபத்தைந்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவுப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். "எல்லாத்திலயும் இதுதான் வடிவு. இத யார் தேடி எடுத்தது?" என்று கேட்டார்.

"எங்கட அவர்தான். ரொம்ப நாளாத் தேடினாரு" என்றா மதினி. அதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தா. என் வாய் திறந்துவிட்டது மச்சான். முன்னேஸ்வரம், எட்டு மாதம், முழங்கால், எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. தேத்தண்ணியை எடுத்து வாயில் ஊற்றி அடைத்துக்கொண்டேன். நாக்கு வெந்தது. வயிறு அதற்கு மேல் எரிந்தது. இன்னும் எரிகிறது. நீ விட்டுப்போன எதையும்விட அதுதான் என்னிடம் நன்றாக வேலை செய்கிறது.

அந்த மனிதர் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "ஐயா, கொஞ்சம் தள்ளி நிக்க ஏலுமா? படத்துல விழுறீங்க" என்றார்.

தள்ளி நின்றேன். முழுக்க இல்லை. அந்தப் படம் எங்காவது வந்தால், இடது பக்க ஓரத்தில் ஒரு நீலச் சாரனின் கரை தெரியும். அது நான்.